ஊதிக் காட்டியவர்

பழங்காநத்தத்தில் சிக்னல் நான்கு முறை மாறியும் பேருந்து நகரவில்லை. எனக்கு முன் இருக்கையில் ஒரு தம்பதியும் கல்லூரிப் பையோடு அவர்களுடைய மகளும் இருந்தார்கள்.

"உன் மிஷினை எடு தாயி, ஊதிக் காட்டுறேன். நான் குடிக்கலைன்னு உங்கம்மா நம்பட்டும்," என்றார் அப்பா.

"வாயைத் தொறந்தா அழுகுன பழ வாடை அடிக்குது. அது என்னவாம்?" என்றாள் அம்மா.

மகள் தன் ஆராய்ச்சிக்காகச் செய்திருந்த சிறிய கருவியைத் தயக்கத்தோடு நீட்டினாள். அவர் தம் பிடித்து ஊதினார். திரையில் எண் ஏறிக்கொண்டே போனது.

"பாத்தியாடி! அம்புட்டும் உள்ள போன சரக்கு," என்றாள் அம்மா.

மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அம்மா, இது சரக்குக்கு இம்புட்டு ஏறாது. உள்ள இருக்குற சென்சார்ல டங்ஸ்டன் ஆக்சைடோட குரோமியம் கலந்து, அசிட்டோன்ங்கிற வாயுவுக்குத்தான் அதிகமா ஏறுற மாதிரி செஞ்சிருக்கோம். உடம்புல சர்க்கரை ரொம்ப முத்திப்போனா மூச்சுல அதுதான் வரும், நீ சொன்ன பழ வாடையும் அதுதான்."

"அப்ப நான் குடிக்கலைன்னு ஆச்சுல்ல?" அவர் சிரித்தபடி என் பக்கமும் திரும்பித் தலையாட்டினார்.

"எந்திரிங்கப்பா. இங்கயே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

அம்மா அவர் கையைப் பற்றித் தூக்கினாள். "பாவி மனுசா, குடிச்சிட்டே வந்திருக்கக் கூடாதா?" என்றாள்.