பார்டரில் வரைந்த மீசை

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ். திருக்கழுக்குன்றம் தாண்டியதும், என் முன்சீட்டில் பெரிய முதுகுப்பையை மடியில் வைத்திருந்த இளைஞர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

"எனக்கு மீசை வரைஞ்சிவுட்டது ஒரு ஜெர்மன்காரம்மா மச்சான்."

"இன்னாடா சொல்ற?"

"பாங்காக்ல சலூனுக்குப் போனேன். மீசைய கொஞ்சம் வெட்டுன்னு கையாலயே காட்டினேன். அவன் மொத்தமா வழிச்சிட்டான். மறுநாள் பஸ்ஸு புடிச்சி கம்போடியா பார்டருக்குப் போறேன். ஆபீசரு பாஸ்போர்ட்டப் பாக்குறாரு, என்னைப் பாக்குறாரு. இது நீ இல்லன்றாரு!"

"ஐயையோ!"

"வெளிய பஸ்ஸு ஆரன் அடிச்சிகினு கீது. வுட்டுட்டுப் போயிடுவான்னு எனக்கு அழுகையே வந்துடுச்சி. கூட வந்த அந்தம்மா என்னை ஓரமா இஸ்துகினு போயி, புருவம் தீட்டுற பென்சில எடுத்து பெருசா ஒரு மீசை போட்டுவுட்டாங்க. திரும்ப வந்து நின்னேன். ஆபீசரு வுழுந்து வுழுந்து சிரிச்சிகினே முத்திரைய குத்திட்டாரு. பஸ்ல ஏறினா அத்தினி பேரும் கை தட்டுறாங்க!"

நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"போட்டோ எடுத்தியா?"

"எடுத்தேன். பிலிமு ரோல நாளைக்குத்தான் கழுவக் குடுக்கணும்."

"மூஞ்சிய எப்படா கழுவின?"

"எங்க கழுவுறது? மூணு நாளு தண்ணியே படாம பாத்துகினேன். திரும்பி வர்றதுக்கும் அதே பார்டருதானே!"