குருத்தில் ஊற்றிய மருந்து

கும்மிடிப்பூண்டி ரயிலில் என் பெட்டியில் இருபத்துமூன்று பேர். பொழுதுபோகாமல் எண்ணி முடித்தபோது, எதிரே இருந்த இரண்டு கெமிக்கல் கம்பெனித் தொழிலாளிகளில் இளையவர் மூத்தவரிடம் சிரித்தபடி சொன்னார்.

“பூஞ்சைக்குன்னு கம்பெனிலேர்ந்து நீ குடுத்தியே ‘நானோ’ செம்பு மருந்து, தென்னங்குருத்துல ஊத்தினேன் மாமே. அழுகல் நின்னுபோச்சு.”

“காயெல்லாம் முன்னாடியே எறக்கிட்டியா?”

“இன்னாத்துக்கு? நேத்துதான் எறக்கினேன். எம்பொண்டாட்டி மாசமா இருக்காளே, எளநிக்கு.”

மூத்தவர் எழுந்தேவிட்டார். “அடப்பாவி! அது இன்னும் சோதனையில இருக்கிற மருந்துடா. அது பட்ட காயைக் குடிக்கவே கூடாது!”

“ஓட்டுக்குள்ள எப்பிடி மாமே பூரும்?”

“கண்ணுக்கே தெரியாத பொடி. எங்க பூரும்னு எனக்கு இன்னா தெரியும்? போனைப் போடு!”

போட்டார். பேசி முடித்தபின்னும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“குடிச்சிட்டாளாம் மாமே. ரொம்ப இனிப்பா இருந்துச்சாம்.”