சைவ மூசாங்

முனியாண்டி: ...தண்ணி பட்டுத் தாழ்ந்த சீலிங் பலகை இல்லீங்கம்மா இது.

பூரணம்: மழைத் தண்ணிதான். போன கிழமை பெய்த மழைக்கு...

முனியாண்டி: கறை எங்க? தண்ணி பட்டா கறை நிக்கும். இது மேலேருந்து ஏதோ கனமா அமுக்குனது.

பூரணம்: சின்னச் சின்ன மரவேலை செய்யிற துக்காங் எண்டு சொல்லித்தான் கூலியாக்களின்ர லயத்துக் காளியம்மா உம்மைக் கூட்டிக்கொண்டு வந்தவள். எது அமுக்கினது எண்டு விசாரிக்கிறதும் அந்த வேலைக்குள்ள வருமோ?

முனியாண்டி: வராமலாங்க? வயித்துவலின்னு போனா, ஆஸ்பத்திரி டிரசரு என்னத்தத் தின்னேன்னு கேக்கறாருல்ல.

பூரணம்: மூசாங்.

முனியாண்டி: என்னங்க?

பூரணம்: மூசாங். மேல ஒரு மூசாங் வந்து படுக்குது. அதின்ர பாரம்தான்.

முனியாண்டி: மூசாங்னா மரநாய்தானே, பூனையவிடக் கொஞ்சம் பெருசு. இங்க பாருங்க, ரெண்டு பலகை சேந்து தொட்டில் மாதிரித் தொங்குது. நடுவுல ஒண்ணு ஒடிஞ்சேபோச்சு.

பூரணம்: கொழுத்த மூசாங்.

முனியாண்டி: இந்தக் காலத்துலயா? லயத்து நாயெல்லாம் நெழலு மாதிரித் திரியுது. உங்க வீட்டுல கோழிகூட இல்ல. எதத் திங்குது அது?

பூரணம்: மரவள்ளிக்கிழங்கு.

முனியாண்டி: அவிச்சதா, பச்சையா?

பூரணம்: ...எங்கட வீட்டு மூசாங் சைவம்.

முனியாண்டி: சரிங்க.

பூரணம்: என்ன சிரிப்பு?

முனியாண்டி: சிரிக்கலீங்க. தூசி விழுந்துச்சு. மூசாங் திரும்பிப் படுக்குது போல.

பூரணம்: இஞ்ச பாரும், முனியாண்டி. மூண்டு மணிக்கு ஜப்பான் ஆபீசர் இந்த வீட்டுக்கு வாறார். தோட்டத்து ஆக்களின்ர பேரெல்லாம் இருக்கிற செக்ரோல் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போக. இந்த நாற்காலியில இருந்து அவர் அண்ணாந்து பார்த்தால் பலகை நேரா இருக்கவேணும். எனக்கு அது போதும்.

முனியாண்டி: கணக்கு எழுதற கிராணி வீட்டுச் சீலிங் தொங்குனா அவருக்கு என்னங்க?

பூரணம்: மேல என்ன எண்டு கேப்பார்.

முனியாண்டி: மூசாங்னு சொல்லுங்க.

பூரணம்: முதல்ல சுட்டுப்போட்டுத்தான் கேப்பார்.

முனியாண்டி: அதுவும் சரிதான். அப்ப ஏணிய வச்சு, ஒரு பலகைய நீக்கிட்டு மேல ஏறி...

பூரணம்: வேண்டாம்.

முனியாண்டி: சட்டம் எங்க ஓடுதுன்னு பாத்தாத்தானேங்க...

பூரணம்: கீழ நிண்டு அடியும். மேல ஏறினால் கடிக்கும்.

முனியாண்டி: சைவம்னீங்களே.

பூரணம்: சைவத்துக்குத்தான் கோவம் கூட. நீர் ஆணி கொண்டு வந்தனீரோ?

முனியாண்டி: ஆணியா? கடையில ஆணியப் பாத்து ரெண்டு வருசம் ஆச்சுங்க. இப்பல்லாம் வேலைன்னா ஒரு எடத்துல புடுங்கி இன்னொரு எடத்துல அடிக்கறதுதான். மெர்கோங்ல ஒரு வீட்டுல கதவு சரிபண்ணேன். அதுக்குச் சன்னல்ல புடுங்குனேன். சன்னலுக்கு மாட்டுக் கொட்டாயில புடுங்குனேன்.

பூரணம்: கொட்டிலுக்கு?

முனியாண்டி: அதுக்குள்ள மாடு ஓடிப்போச்சு. ஆணி மிச்சம்.

பூரணம்: உமக்கு ஊர் கூலிம் எண்டீர். மெர்கோங்கில என்ன வேலை?

முனியாண்டி: வர்ற வழிங்க.

பூரணம்: கூலிம் எங்களுக்குத் தெற்கால கிடக்குது. மெர்கோங் வடக்கால. இது என்ன வழி?

முனியாண்டி: சுத்து வழிங்க. ...வாசல்ல கனகசுந்தரம் ஐயா பேரு எழுதுன பலகை ஒண்ணு இருக்குல்ல? நல்ல மரம். நாலு ஆணியில நிக்குது.

பூரணம்: அவற்ற பேர்ப்பலகையோ?

முனியாண்டி: ஐயாதான் ரயில்ரோட்டு வேலைக்குச் சயாமுக்குப் போயிட்டாரே. பேரு மட்டும் வாசல்ல நின்னு என்ன பண்ணப் போவுது? ஒடிஞ்ச எடத்துக்கு ஒட்டுப் போட அந்தப் பலகை. அடிக்க அதே ஆணி.

பூரணம்: அது வந்து... பீடோங்கில சொல்லிச் செய்வித்த பலகை. ஹெட் கிராணி ஆன அண்டைக்கு.

முனியாண்டி: மணி ஒண்ணரை ஆயிடுச்சுங்கம்மா.

பூரணம்: ...கழட்டும்.

முனியாண்டி: வளையாம வந்துச்சு பாருங்க, நாலும். எழுத்து கீழ தெரியணுமா, மேல தெரியணுமா?

பூரணம்: மேல. ஆபீசர் வாசிச்சுப்போட்டு ஏதும் கேட்டால்...

முனியாண்டி: சரி. மூசாங் வாசிச்சுக்கட்டும். ஐயாகிட்டேருந்து கடுதாசி வருதுங்களா?

பூரணம்: ஓம், ஒண்டு வந்தது. சுகமா இருக்கிறார். வேர்வை தாங்கேலாது, காத்தே இல்லை எண்டு எழுதினவர்.

முனியாண்டி: காட்டுக்குள்ள காத்து இல்லையா? கூரைக்குள்ள கெடக்கிற மாதிரி எழுதியிருக்காரே.

பூரணம்: ...நீர் பலகையைப் பாரும்.

முனியாண்டி: பாக்கறேங்க. காலம்பற பெரட்டுல பேரு கூப்பிட்டு முடிச்சதும் ஐயா சொல்லுவாரு. சயாமுல மூணே மாசம், ஒரு நாளைக்கு ஒரு வெள்ளிக் கூலி, மூணு வேளையும் அரிசிச் சோறுன்னு. ஐயாவே போயி நாலு மாசம் ஆச்சு.

பூரணம்: கூலிம் ஆளுக்கு இஞ்சத்தைப் பெரட்டில சொன்னது எப்பிடித் தெரியும்?

முனியாண்டி: எல்லாத் தோட்டத்துக் கிராணியும் அதேதாங்க சொன்னாங்க. ஒரே காயிதத்தப் பாத்து வாசிச்சிருப்பாங்க.

மேலிருந்து: க்கும்.

பூரணம்: க்கும்... க்கும். எனக்குத் தடிமன்.

முனியாண்டி: மொத இருமலு மேல கேட்டுச்சுங்களே.

பூரணம்: அதுக்கும் தடிமன்.

முனியாண்டி: பாவம். ...இப்ப ஒரு சிக்கலுங்கம்மா. ஆணி நீளம். பலகை அதுல பாதி கனம்கூட இல்ல. கீழேருந்து அடிச்சா மிச்சம் மேல முனையா நிக்கும். மூசாங் படுக்கற எடம் தெரிஞ்சா தள்ளி அடிப்பேன். தலை எந்தப் பக்கம்?

பூரணம்: ...கிழக்கால.

முனியாண்டி: நெசமாவா? கிழக்க கூரை சரிஞ்சு வருது, இடிக்கும். வடக்க தலைவச்சா வசதியா நீட்டிப் படுக்கலாம்.

பூரணம்: வடக்கால தலை வைக்கக்கூடாது எண்டு நான்தானே சண்டை பிடிச்சுத் திரும்பிப் படுக்கச் சொன்ன...

முனியாண்டி: சொன்னபடி கேக்குற மூசாங்குதாங்க.

பூரணம்: முனியாண்டி. இந்தத் தாலிக்கொடி ஒண்டுதான் இனி என்னட்டை மிச்சம். இதைக் கொண்டு போம். வெளியில வாய் திறக்காதையும்.

முனியாண்டி: கழுத்துலேருந்து கைய எடுங்கம்மா. லயத்துல எல்லாருக்கும் தெரியும்.

பூரணம்: என்ன தெரியும்?

முனியாண்டி: ஐயா ரயிலு ஏறினது தெரியும். அலோர் ஸ்டார்ல தண்ணி குடிக்க எறங்குனவரு திரும்ப ஏறலன்னும் தெரியும். புருசன் சயாமுல இருக்காரு, வேட்டி மட்டும் வாராவாரம் இங்க கொடியில காயுதுன்னு காளியம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

பூரணம்: நாலு மாசமா... ஒருத்தரும் ஆபீசரிட்டைப் போய் அவற்ற பேரைக் குடுக்கேல்லையே. ஏன்?

முனியாண்டி: பேரு எழுதிக் குடுக்கறதுக்கு எங்களுக்கு எங்க எழுதத் தெரியுது?

பூரணம்: ...சரி. தாலிக்கொடியும் வேண்டாம் எண்டால் உமக்கு என்னதான் வேணும்?

முனியாண்டி: அந்தச் செக்ரோலு ஆபீசரு கைக்குப் போறதுக்கு முன்னால, அதுல ஒரு பேருக்கு நேரா செத்துட்டான்னு எழுதணும். சயாமுக்குப் போகாம வழியில ஓடுனவன் யாரு யாருன்னு அத வச்சுத்தான் தேடப் போறாங்க. செத்தவனத் தேட மாட்டாங்க.

பூரணம்: ஆற்ற பேருக்கு?

முனியாண்டி: இருளப்பன். இந்தத் தோட்டந்தான், ஏழாம் லயம். சயாமுல என்கூட மண்ணு வெட்டுனான். வாந்திபேதி. நாலே நாளு. என் கையாலதான் பொதைச்சேன்.

பூரணம்: ஐயோ. கலியாணம் முடிச்சவனோ?

முனியாண்டி: இராசாத்தின்னு ஒருத்தி இருக்கா.

பூரணம்: பாவி மகள். நான் லயப் பக்கம் போறதில்லை, முகம் தெரியாது. நல்ல ஆளோ அவன்?

முனியாண்டி: என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க. அவன மாதிரி ரப்பர் மரம் சீவ இந்தத் தோட்டத்துல ஆளே கெடையாது. கத்தி வச்சா பட்டை உரியும், மரத்துக்குத் தெரியாது.

மேலிருந்து: பொய்.

பூரணம்: ஐயோ, நீங்கள் கதையாதேங்கோ.

மேலிருந்து: பத்து மரத்தில மூண்டு மரத்துக்குக் காயம் வைப்பான். ரெண்டு தரம் துரையிட்டை ஏச்சு வாங்கினவன்.

பூரணம்: செத்தவனைப் பற்றி இப்பிடியோ கதைக்கிறது?

மேலிருந்து: ஆர் செத்தது? செக்ரோலிலை நூற்றுப் பதினாறாம் நம்பர். நாலு வருசம் பெரட்டில நான் கேட்ட குரல் இது. பூரணம், உனக்கு முன்னால சுத்தியலோட நிக்கிறவன்தான் இருளப்பன்.

பூரணம்: நீரோ?

இருளப்பன்: ...இருக்கேன் ஐயா.

கனகசுந்தரம்: செத்தவன் இருக்கேன் எண்டு சொல்லக்கூடாது.

இருளப்பன்: பேரு கூப்பிட்டீங்களா, வாயில வந்துடுச்சுங்க.

கனகசுந்தரம்: எங்கை குதிச்சனீ?

இருளப்பன்: பாடாங் பெசாருகிட்ட. ரயிலுப் பெட்டிக் கதவுல கொண்டிய ராத்திரி பூரா நகத்தாலயே கழட்டுனேன். அன்னைக்குக் கத்துக்கிட்டதுதாங்க இந்தத் தொழிலு.

பூரணம்: அப்ப சயாமில மண் வெட்டினது, வாந்திபேதி, புதைச்சது...

இருளப்பன்: ஐயா எழுதுன கடுதாசி மாதிரிதாங்கம்மா.

கனகசுந்தரம்: எழுதேலாது. இருபது வருசம் செக்ரோல் எழுதிறன். அதிலை ஒரு பொய் கிடையாது.

பூரணம்: கூரைக்குள்ள படுத்துக்கொண்டு இந்தக் கதை கதைக்காதேங்கோ.

இருளப்பன்: ஐயா சொல்றது நெசந்தாங்க. சயாமுக்கு ஆள் எடுத்தப்ப எங்க பேரெல்லாம் ஒண்ணு விடாம, ஒரு எழுத்து பெசகாம எழுதுனாரு.

பூரணம்: என்னங்கோ, கேக்குதோ? மணி ரெண்டு.

கனகசுந்தரம்: ...அந்தப் பொம்பிளை இராசாத்தி? இவன் செத்ததெண்டு எழுதினால் அவள் கைம்பெண்.

இருளப்பன்: முனியாண்டின்னு ஒருத்தன் அவளக் கட்டிக்கறானாம். லயத்துல பேசி முடிச்சுட்டாங்க.

பூரணம்: கெட்டிக்காரி.

இருளப்பன்: என்னை இங்க அனுப்புனதே அவதாங்க. காளியம்மாகிட்ட சொன்னதும் அவதான். கிராணி வீட்டுச் சீலிங்கு தொங்குது, போயிப் பொழைச்சுக்கன்னா.

கனகசுந்தரம்: புத்தகம் என்ர தலைமாட்டிலதான் இருக்குது. குடுக்கிறதுக்கு முன்னம் ஒருக்காச் சரிபார்ப்பம் எண்டு மேல எடுத்தது. பென்சிலும் இருக்குது.

இருளப்பன்: எழுதுங்க ஐயா. நானும் ஒட்டுப் பலகையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டே நிக்கறேன். கைவலி எடுக்குது.

கனகசுந்தரம்: வாந்திபேதி எண்டு போடுறன். தேதியும் போட வேணும். நான் ரயில் ஏறினதுக்கு முந்தின தேதியா இருக்க வேணும், இல்லாட்டி போன ஆள் எப்பிடி எழுதினது எண்டு ஆபீசர் பிடிச்சிடுவார். ...சொல்லு, எண்டைக்குச் செத்தனீ?

இருளப்பன்: நீங்க எம்பேரை எழுதுன அன்னைக்கே போட்டுடுங்க ஐயா. ...கால மடக்கிக்குங்க, ஆணி வருது.