பாட்டுக்காகக் கோபிக்கச் சொன்னவர்

மாவடியில் அமர்ந்த ஏகம்பநாதன் மலரடி வாழ்க.

பிரதோஷ நன்னாளில் மாகறல் ஈசனைத் தொழக் காஞ்சியிலிருந்து பேருந்தில் சென்றேன். முன்னிருக்கையில், தாமே பாட்டுக்கட்டித் திருவிழா மேடைகளில் பாடும் ஒருவரும் அவர் மனைவியும் அமர்ந்திருந்தனர்.

“கொஞ்சம் கோச்சிக்கினு உங்கம்மா வீட்டுக்குப் போயேம்மா. வெள்ளிக்கிழமை மேடைக்குப் புதுப்பாட்டு வேணும்.”

“நான் வீட்டுல இருந்தா பாட்டு வராதா?”

“நீ போனப்போ எழுதின பாட்டுக்குத்தான் ஊரே என்னைக் கூப்புடுது. நீ திரும்பி வந்தப்புறம் ஒரு பல்லவிகூட வரல. வேளாவேளைக்குச் சோறு போட்டு என் பொழப்பைக் கெடுக்கிற.”

“அம்மா வீட்டுல வெள்ளையடிச்சிக்கினு இருக்காங்க. போவ முடியாது.”

“ரெண்டே நாள்தாம்மா.”

“போன தடவை நீ கூப்பிட வருவேன்னு வாசலையே பார்த்துக்கினு இருந்தேன். பாட்டு நல்லா ஓடி அடங்கினப்புறம்தான்யா வந்தே.”

அம்மையார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாலாற்றுப் பாலம் கடந்தும் முகத்தைத் திருப்பவில்லை.

“ஏம்மா, நெஜமாவே கோவமா?”

சற்றுநேரத்தில் பாட்டுக்காரர் மெல்ல முணுமுணுக்கலானார்.

“விட்டுப் போனாளே, வெளக்கும் அணைஞ்சுதே...”

அம்மையார் திரும்பாமலே சொன்னார்: “அடுத்த அடியில, மறுநாளே கூப்பிடப் போனேன்னு போடு.”

“அப்படிப் போட்டா சோகமே போயிடுமேம்மா!”

“போவட்டும்.”

மாகறலில் நான் இறங்கும்போது அவர் அந்த அடியைத்தான் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மையார் சன்னலை விட்டுத் திரும்பி, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

இதனைப் படிப்போர் இல்லங்களில் பிணக்கெல்லாம் பாட்டோடு நின்று, அன்பு நிலைபெற அவனருள் கூடுக.