நுரைக்கு முளைத்த காது

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் நகரத் தலைவி பெர்த் அம்மையார் அவர்களே! அலையைத் தொட்டிலாக்கி வளர்ந்த படகோட்டிப் பெருமக்களே! கானாங்கெளுத்திக் கூடையை வாசலில் இறக்கிவிட்டு ஓடிவந்திருக்கும் என் தாய்மார்களே! வணக்கம்!

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். ஓவியத்தைப் பற்றிப் பேச எனக்கென்ன தகுதி? கண் இருக்கிறதே, போதாதா? தீட்டியவள் என் பேத்தி லெயோந்தின் ஆயிற்றே, போதாதா?

பாருங்கள் இந்தப் படத்தை! விடிகிற வானம் வெண்ணெயாய் உருகுகிறது. நம் நார்மண்டிக் கடல் பச்சையா, நீலமா, ஊதாவா? மூன்றும்தான்! முழுக்கோடு ஒன்று உண்டா? தீற்றல், தீற்றல், தீற்றலுக்கு மேல் தீற்றல்! நடுவே காற்றைக் குடித்துப் புடைத்து நிற்கிறது ஒரு பாய்!

இதை நம் மீனவர் மன்றத்தில் மாட்டுவதா, வேண்டாமா? அதற்குத்தானே இன்று கூடியிருக்கிறோம். போன வாரம் வேண்டாம் என்று முதலில் கத்தியவர் நம் மூத்த படகுத் தலைவர் அந்தீம் அண்ணன். மூக்கு முட்ட நெருங்கிப் பார்த்துவிட்டு அலறினார்: "அடிப்பாவி! படகு முகப்புல ரெண்டு நீளக் காது! அந்தச் சனியன் ஏறுன படகு கரை சேருமா?"

எந்தச் சனியன்? நான் தரையில்தானே நிற்கிறேன், சொல்லிவிடுகிறேன்: முயல்!

அட, ஏன் இந்தக் கூச்சல்? தோஷம் கழிய மரத்தைத் தொட்டுக்கொள்கிறவர்கள் தொட்டுக்கொள்ளுங்கள்! கயிற்றைக் கடித்துக் கப்பலைக் கவிழ்த்த பிராணி, படகில் அதன் பேரைச் சொன்னாலே ஆகாது. எனக்குத் தெரியாதா?

லெயோந்தின் சொன்னாள்: "அது முயலும் இல்ல, முதலையும் இல்ல தாத்தா. படகு ஓடுற வேகத்துல தெறிக்கிற நுரை! ரெண்டு வெள்ளைத் தீற்றல்."

"அப்ப அழிச்சிடு."

"அழிச்சா படகு நின்னுடும். நின்ன படகை வரையவா குளிர்காலம் பூரா கரையில விறைச்சேன்? வேண்டாம்னா எடுத்துட்டுப் போறேன்."

படத்தைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள். கதவை முதுகால் தள்ளத் திரும்பினாள். படம் எங்கள் பக்கம் திரும்பியது. வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. மன்றத்தின் மறுகோடியில் நின்ற அந்தீம் அண்ணன் பார்த்தார்... பார்த்தார்... வாயில் புகைந்துகொண்டிருந்த சுங்கான் குழாய் தெறிக்கக் கத்தினார்:

"டேய் மடையா! காத்து ஏறுதுடா! பாய்க்கயித்தைத் தளத்து! கவுந்துடுவே!"

யாரிடம் கத்தினார்? என்னிடமா? பேத்தியிடமா? படத்துக்குள் இருந்த படகோட்டியிடம்! அவன் முகம் எது? ஒரு சொட்டு நீலம்! அவன் கை எது? ஒரு கீற்றுப் பழுப்பு! அந்தச் சொட்டு நீலம் செத்துவிடக்கூடாதே என்று ஒரு மனிதர் பதறினாரே, அதுவல்லவா ஓவியம்! அதுவல்லவா உயிர்!

என்ன அண்ணே, பின்வரிசையில் முனகல்? "நான் அப்படியா கத்துனேன்?" என்கிறார்! துறைமுகத்து நாய் எல்லாம் குரைத்ததே, கேட்டுப் பாருங்கள்!

மக்களே, மாட்டலாம் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்! ஆகா! கைகளா இவை, பாய்மரக் காடல்லவா! அண்ணே, உங்கள் கை?

"மாட்டித் தொலைங்க! ஆனா உசரத்துல மாட்டுங்க. கிட்டப் போயி எவனும் பாக்கக் கூடாது!"

தீர்ப்பு வந்துவிட்டது! ஏணியைக் கொண்டு வாருங்கள்! காது கொடுத்த உங்களுக்கும், கடலில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் நன்றி, வணக்கம்!