அடகுக்கு வந்த டிபன் பாக்ஸ்

“அந்த எஸ்டிகேவை ரெபாசிட்டரியில போட்டதுலேர்ந்து என் நாக்கு செத்துப்போச்சுப்பா.”

காலையில் கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில், எதிர் இருக்கைப் பெண் சொன்னார். பொன்னேரியில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்த இளைஞர் சிரித்தார். இருவர் கழுத்திலும் ஒரே கம்பெனியின் அட்டை.

“முன்னல்லாம் மெஷினுக்கு புரோகிராம் எழுதணும்னா, அதுக்கு வேண்டிய சாஃப்ட்வேர், அந்த எஸ்டிகே, என் பென்டிரைவ்லதான் இருக்கும். எடுத்துக்கினு போனவன் எவனும் திருப்பித் தரமாட்டான். அதான் கேக்கறவன் டிபன் பாக்ஸை அடகு வாங்க ஆரம்பிச்சேன்.”

“நீ தொறந்து துன்னுருவியேக்கா.”

“ஒரு வாய்தான். அந்த ஆரணிக்காரர் ஊட்டு வத்தக்கொழம்பு இன்னும் நாக்குலயே நிக்குது. இப்ப கம்பெனி சர்வர்ல இருக்கற ரெபாசிட்டரியில கமாண்ட் அடிச்சா தானா எறங்கிடுது. என் சீட்டு பக்கம் யாரு வரா?”

ரயில் ஒரு ஸ்டேஷனில் நின்று கிளம்பியது. அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினார்.

“யாராண்டையும் சொல்லாத. சர்வர்ல ஏத்த பேக்கேஜ் பண்ணும்போது லைசன்ஸ் ஃபைலை வேணும்னே சேக்காம உட்டுட்டேன். அது இல்லாம ஓடாது. கேக்கவாவது வருவாங்கல்ல.”

“தெரியும்க்கா. என் புரோகிராம் பில்டு ஆவாம நின்னுபோச்சு. அன்னிக்கே அந்த ஃபைலை நான் சேத்துட்டேன்.”

“என்னாண்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல.”

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கும்மிடிப்பூண்டி வந்து எல்லோரும் எழுந்தபோது, இளைஞர் தன் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“இறா தொக்கு. மத்தியானம் உன் சீட்டுக்கு வந்து மீட்டுக்கறேன்.”