சுண்ணாம்புப் பொட்டு

ஏலச்செடிக்கு வெயிலும் ஆகாது, முழு நிழலும் ஆகாது, இன்ஸ்பெக்டர் ஐயா. அதனால்தான் வருஷா வருஷம் மழைக்கு முன்னால் நிழல் மரங்களில் ஆளேற்றிக் கிளை கழிக்கிறோம். குரங்கணிக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் அதற்கு நான்தான் கங்காணி. அடிமரத்தில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு உள்கட்டையைப் பார்ப்பேன். உறுதியாக இருந்தால் வெட்டின் மேல் சுண்ணாம்புப் பொட்டு வைப்பேன். பொட்டு வைத்த மரத்தில் மட்டும்தான் ஆட்கள் ஏறுவார்கள். இந்த வருஷம் வரை என் பொட்டை நம்பி ஏறிய எவனுக்கும் சிராய்ப்புகூட வந்ததில்லை.

எழுபத்தாறில் எங்களுக்கு மேலே சுரங்கம் வந்தது. அதன் கழிவுத் தண்ணீர் ஓடையில் இறங்கியது. ஓடைக்கரைப் பலா மரங்கள் வெளியே பச்சையாகத்தான் நின்றன. மனிதர்களிலும் அப்படிச் சிலர் உண்டு. மரத்துக்குள்ளே நீர் ஏறும் துளைகள் சுருங்கி, கறுத்து, அடைத்துப்போயிருந்தன. கட்டையில் நார்ப்பிடிப்பே இல்லை. முறுக்கு மாதிரி ஒடிந்தது.

என் ஆட்களில் பேச்சிமுத்து நன்றாக மரமேறுவான். அதை நான் மறைக்கவில்லை. இந்த வைகாசியில் முதலாளி எல்லார் முன்னாலும் என்னைக் காட்டி, "சின்னச்சாமிக்கு வயசாச்சுல்ல, அடுத்த வருசம் பேச்சிமுத்து கங்காணி பாக்கட்டும்" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். 

மறுநாள் மற்றவர்களை எதிர்ச்சரிவுக்கு அனுப்பிவிட்டு, அவனை ஓடைக்கரைக்கு அழைத்துப் போனேன். அவன் பலாவை அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணே, இந்தப் பக்கத்து மரமெல்லாம் ஒரு மாதிரி இருக்குங்கறாகளே. ஏறலாமா?"

"பொட்டு வச்சிருக்கேன்ல. வெரசா சோலியப் பாரு."

"நீங்க பாத்துட்டா சரிண்ணே."

முதல் கிளை பிரியும் கவட்டில் நின்று வெட்ட ஆரம்பித்தான். அங்கிருந்து விழுந்தால் கால்தான் போகும். "இன்னும் மேல போ அப்பு, உச்சிக்கெளதான் வெயில மறைக்குது" என்றேன். போனான். இடுப்புக் கயிற்றைக் கிளையில் கட்டியிருந்தான். கிளையோடு சேர்ந்தே வந்தான்.

பொட்டைச் சுரண்டிப் பார்த்ததாகச் சொன்னீர்கள். ஆமாம், அடியில் கட்டை கறுத்துத்தான் இருந்தது. பார்த்துவிட்டுத்தான் பொட்டு வைத்தேன். ஆனால் மரத்தைக் கெடுத்தது சுரங்கம், ஐயா. நான் அவனைத் தள்ளிவிடவில்லை.

உடனே ஜீப்பைக் கூப்பிட்டிருந்தால் போடி ஆஸ்பத்திரியில் பிழைத்திருப்பான் என்று அவன் மனைவி கருத்தம்மா அழுகிறாளாம். எஸ்டேட் ஜீப்பு கூப்பிடு தூரத்தில்தான் நின்றது. அவனும் "அண்ணே, ஜீப்பு, ஜீப்பு" என்று கேட்டுக்கொண்டேதான் கிடந்தான். அடிபட்டவனை அசைக்கக் கூடாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சாயங்காலம் மூச்சு அடங்கும் வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.